வந்த மண்ணைச் சொந்த மண்ணாக்கிய தந்தையர்

தாயின் பெருமையைப் பேசுமளவுக்குத் தந்தையின் பெருமையை நாம் பேசுவதில்லை. தாய் கண்ணெதிரே நின்று ஊட்டி வளர்க்கிறாள். தந்தையோ விடியுமுன் வீட்டை விட்டுப் போய், விளக்கு வைத்தபின் திரும்புகிறார். அவர் பட்ட பாடு பிள்ளைகளின் கண்ணிற் படுவதில்லை. அதிலும், பிறந்த ஊரை விட்டுக் கடல் கடந்து வந்து, அறியாத மண்ணில் உழைத்து, தெய்வத்தைத் துணையாகக் கொண்டு ஒரு குடும்பத்தை நிலைநாட்டிய தந்தையின் வரலாறு பெரும்பாலும் அவரோடே சுடலைக்குப் போய்விடுகிறது. அத்தகைய தந்தையரை இம்மலரிலே நினைவுகூர்வது எமது கடன் எனக் கருதி இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். மூத்தோர் இதனை ஆசியோடு நோக்குக. இளையோர் இதனைத் தம் வீட்டுக் கதையாகவே எண்ணி வாசிப்பாராக.

வந்தான் வரத்தான்

‘வந்தான் வரத்தான்’ என்று ஒரு சொல் நம்மிடையே வழங்குகிறது. வேற்றூரிலிருந்து வந்து குடியிருப்பவனைச் சற்று இளக்காரமாகக் குறிக்கும் சொல் அது. இச்சொல்லை வாயில் எடுக்குமுன் நாம் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எம் கீழ்க்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே பேணிவரும் பழைய வழக்கு ஒன்றுண்டு. குடி தாய்வழியே வருகிறது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகின்றன. மணமகன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறான். மருதமுனையின் தறியோசைக்கும் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் மணியோசைக்கும் இடையே வாழும் நம்மவருள், மனைவியின் வளவிலே பிள்ளைகளைப் பெற்று, அவ்வளவுக்கு வேலி கட்டி, அங்கேயே தென்னை நட்டுத் தண்ணீர் வார்த்த தந்தையரே பெரும்பாலர். ஆகவே ஒவ்வொரு தந்தையும் ஒருவகையில் வந்து குடியேறியவரே. வந்த வளவைத் தன் வளவாக எண்ணி உழைத்ததாலேயே அவர் தந்தையானார்.

மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு இன்னொரு தந்தையின் நினைவும் வருகிறது. ஊர் என்னும் பட்டணத்தை விட்டுக் கானான் தேசத்துக்குப் புறப்பட்ட ஆபிரகாமின் வரலாற்றை வேதாகம பாடவேளையிற் கேட்டோம். அவர் கூடாரம் அடித்த இடங்களிலெல்லாம் கடவுளுக்கு ஒரு பலிபீடம் கட்டினார் என்று அந்நூல் கூறும். அவரையே எம் முஸ்லிம் தோழர் இப்றாஹீம் நபி என்பர். மகன் இஸ்மாயீலோடு சேர்ந்து மக்காவிலே இறையில்லத்தின் அத்திவாரத்தை உயர்த்தியவர் அவரே என்பது அவர்தம் நம்பிக்கை. ஊர் விட்டு வந்தவர் முதலிற் செய்த வேலை எது என்று நோக்குக. வந்த இடத்திலே கடவுளுக்கு ஓர் இடம் கண்டார். மகனையும் அவ்வேலையிற் சேர்த்துக்கொண்டார்.

இதே செயலை, இந்நூல்கள் எதனையும் படித்தறியாத தமிழ்த் தந்தையர் பல்லாயிரவர் நம் நாட்டின் மலைகளிலே செய்தனர். அவர்கள் கதையே நாம் இங்கு கூற வந்தது.

வடக்குப் பாதை

கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1823 ஆம் ஆண்டளவிலே கம்பளைக்கு அண்மையிற் கோப்பித் தோட்டம் தொடங்கியது. அதன்பின் மலைகள் தோறும் காடு வெட்டப்பட்டது. காடு வெட்டவும் கன்று நடவும் பழம் பறிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். தென்னிந்தியாவிலே மழை பொய்த்து, நிலவரியும் கடனும் குடியானவனை நெருக்கிய காலம் அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். பசி பின்னாலிருந்து துரத்த, கங்காணியின் வாக்கு முன்னாலிருந்து இழுக்க, இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர்.

பாய்மரத் தோணியிலே பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடை. தண்ணீர் அரிதான காடு. யானையும் கரடியும் உலாவும் வழி. வாந்திபேதியும் பெரியம்மையும் காய்ச்சலும் கூட்டத்தோடு கூடவே நடந்தன. விழுந்தவரைத் தூக்கிச் செல்ல ஆளில்லாமல் வழியிலே விட்டுப்போனதும் உண்டு. ‘வடக்குப் பாதை’ என்று அரசாங்க அறிக்கைகள் எழுதிய அவ்வழியின் இருமருங்கிலும் பெயரில்லாத புதைகுழிகள் எத்தனையோ!

நம் கரையோர மக்களுக்குக் கால்நடைப் பயணம் புதிதன்று. ஆண்டுதோறும் கதிர்காமக் கந்தனை நாடிச் செல்லும் பாதயாத்திரிகர், பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் வழியாக உகந்தை சென்று, குமணக் காட்டினுள்ளே புகுவதைக் காண்கிறோம். அவர்களுக்கு வழிநெடுக அன்னமிடுவார் உளர். மோர் வார்ப்பார் உளர். கொடியேறித் தீர்த்தம் முடிந்தால் வீடு திரும்பலாம். மன்னார்க் காட்டிலே நடந்தவர்க்கு அன்னமிடுவாரும் அரியர். வீடு திரும்பும் நாளும் திட்டமில்லை. ஆயினும் இவ்விரு கூட்டத்தாரின் நாவிலும் இருந்தது தெய்வத்தின் பெயரே.

1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பலும் அதனோடிணைந்த புகைவண்டியும் ஓடத் தொடங்கியபின் நடையின் கொடுமை தீர்ந்தது. கடனின் கொடுமை தீரவில்லை. தொழிலாளியின் வழிச்செலவும் முற்பணமும் அவன் பேரிற் கடனாக எழுதப்பட்டன. அக்கடன் எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டிற் குறித்த பணத்தைக் கொடுத்தாலன்றி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக இயலாது. 1921 இலேதான் இத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கல்லை நட்டுக் கடவுளைக் கண்டார்

இவ்வாறு வந்து சேர்ந்த தந்தைக்குக் கிடைத்த இருப்பிடம் லயத்திலே ஓர் அறை. அவ்வறையிலேதான் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, நோய், சாவு எல்லாம். காலையிற் பிரட்டுக்குக் கொம்பு ஊதினால் எழ வேண்டும். அட்டை கடிக்க, பனி நடுக்க, மலைச்சரிவிலே நாள் முழுவதும் வேலை. கொழுந்து கிள்ளியவர் பெரும்பாலும் பெண்களே என்பதையும் ஈண்டுச் சொல்லாமல் விடுதல் நன்றன்று. தந்தையின் பாட்டிலே தாயின் பாடு சரிபாதிக்கும் மேலாகும்.

இந்நிலையிலே அவன் செய்தது யாது? ஓர் ஆற்றோரத்திலோ, அரசமரத்தடியிலோ, லயத்தின் மேற்புறத்திலோ ஒரு கல்லை நட்டான். மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டான். மாரியம்மா என்று கூப்பிட்டான். ஊரிலே மழைக்கும் அம்மை நோய்க்கும் அதிபதியாக அவன் அறிந்த தாய், கடல் கடந்து அவனோடு வந்துவிட்டாள். இன்று மலையகத்திலே மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் காண்பது அரிது. வடக்குப் பாதை மலைநாட்டைத் தொடும் வாயிலாகிய மாத்தளையிலே முத்துமாரியம்மன் கோயில் எழுந்ததும், மாசி மகத்திலே அங்கே பஞ்சரதங்கள் ஓடுவதும் இப்பக்தியின் பெரும் வடிவங்களாகும். 1983 ஆம் ஆண்டு வன்செயலிலே அக்கோயில் எரியூட்டப்பட்டது. மக்கள் அதனை மறுபடியும் கட்டினர். வானளாவிய இராசகோபுரமும் எழுப்பினர்.

இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அத்தந்தையர் ஊர்த் தெய்வங்களை மட்டும் கொண்டுவந்து வைக்கவில்லை. தாம் செய்த வேலையிலிருந்தே புதிய தெய்வங்களையும் கண்டனர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் காலத்திலே, கத்தி கையிற் படாமற் காக்கக் கவ்வாத்துச்சாமியை வழிபட்டனர். கொழுந்து பெருகக் கொழுந்துச்சாமிக்குப் படைத்தனர். தொழிற்சாலையிலே சுழலும் பெருஞ்சக்கரத்தை ‘ரோதை’ என்பர். அதிற் சிக்கி எவரும் மாளாதிருக்க ரோதைமுனிக்குப் பூசையிட்டனர். மந்திரம் அறியாதவர் செய்த வழிபாடு இது. எனினும் செய்யுந் தொழிலிலே தெய்வத்தைக் காணவேண்டும் என்று கற்றோர் மேடையிற் பேசுவதை இவர்கள் மலைச்சரிவிலே நடத்திக் காட்டினர் எனின் மிகையாகாது.

மாசியிலே காமன் கூத்து, பின்னும் அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று ஆண்டு முழுவதும் அவர்களுக்குக் கூத்துண்டு. தன் ஊரைப் பாராமலே வளர்ந்த பிள்ளைக்கு அவ்வூரின் நினைவைத் தந்தையர் கூத்தின் வழியாகவே ஊட்டினர்.

ஒரு தந்தையும் ஒரு மகனும்

பெயர் தெரியாத பல்லாயிரவரிடையே பெயர் தெரிந்த ஒருவரின் வாழ்வைச் சற்று விரித்து நோக்குவோம். அவர் கருப்பையா தொண்டைமான். பிற்காலத்திலே மலையக மக்களின் பெருந்தலைவராக விளங்கிய சௌமியமூர்த்தி தொண்டைமானின் தந்தை.

இராமநாதபுரச் சீமையிலே, இக்காலச் சிவகங்கை மாவட்டத்திலுள்ள முனப்புதூர் அவர் ஊர். குலப்பெருமை இருந்தும் வீட்டிலே வறுமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இளமையிலேயே இலங்கைக்கு வந்தார். தோட்டத்துத் தொழிலாளியாகத் தொடங்கினார், பின் கங்காணியானார், முடிவிலே றம்பொடையில் வேவண்டன் என்னும் தேயிலைத் தோட்டத்தின் சொந்தக்காரரானார். தோட்டங்கள் ஏறக்குறைய யாவும் வெள்ளைக்காரக் கம்பனிகளின் கையிலிருந்த அக்காலத்திலே, காடு வெட்ட வந்த சமூகத்தில் ஒருவர் தோட்டத்துக்கு உடைமையாளரானது பெருஞ்செயலே.

கங்காணி என்ற சொல் மலையகத்தார் காதில் இனிப்பாக மட்டும் ஒலிப்பதன்று. ஆள் சேர்த்தவரும் அவரே. கடன் கணக்கு வைத்தவரும் அவரே. தொழிலாளியின் கூலியிலிருந்து தம் பங்கைக் கண்டவரும் அவரே. வரலாறு எழுதுபவர் இதனை மறைத்தல் கூடாது. ஒருவர் உயர்ந்த ஏணியிலே பலருடைய தோள்கள் படிகளாய் இருந்தன. இவ்வுண்மையே பின்னர் அவர் மகன் மேற் கடனாக வந்து சேர்ந்தது எனலாம்.

இக்குடும்பத்தின் வரலாற்றிலே எம் உள்ளத்தைத் தொடுவது ஒன்று. மகன் 1913 ஆகஸ்ட் 30 ஆம் நாள் முனப்புதூரிலே பிறந்தார். தந்தை இலங்கை மலையிலே உழைத்துக்கொண்டிருந்தார். 1924 இல், தம் பதினோராவது வயதிலேயே மகன் தந்தையின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். பிள்ளையின் மழலையைக் கேட்கும் காலமெல்லாம் தந்தை கடலுக்கு அப்பால் இருந்தார். இது ஒரு குடும்பத்தின் கதை மாத்திரமா? வளைகுடா நாடுகளிலே பாலைவன வெயிலில் உழைத்து மாதந்தோறும் பணம் அனுப்பும் தந்தையரின் பிள்ளைகள் நம் கல்முனைப் பகுதியிலே எத்தனை வீடுகளில் உளர்! குடிபெயர்ந்த தந்தையர் அன்பைச் சொல்லும் மொழி வேறு. அவர்கள் அணைத்துக் காட்டுவதில்லை, அனுப்பிக் காட்டுகிறார்கள்.

அத்தந்தை மகனுக்கு இட்ட பெயரையும் நோக்குக. சௌமியமூர்த்தி என்பது அருள் கனிந்த திருவுருவம் என்று பொருள்படும். அவர் பிறந்த நாட்டிலே திருக்கோட்டியூரில் எழுந்தருளியிருக்கும் பெருமாளின் திருநாமமும் சௌமியநாராயணர் என்பதே. எழுத்திலே தம் வரலாற்றை விட்டுச் செல்லாத தந்தையர் தம் உள்ளக் கிடக்கையைப் பிள்ளைகளின் பெயர்களிலே எழுதி வைத்தனர்.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய துணிவு

மகன் இலங்கைக்கு வந்தபின் கம்பளையிலுள்ள சென். அன்றூஸ் என்னும் கிறித்தவப் பாடசாலையிலே கல்வி கற்றார். இந்துத் தந்தையர் பலர் அக்காலத்திலே இவ்வாறே தம் மக்களை மிஷன் பாடசாலைகளுக்கு அனுப்பினர். தோட்டப் பிள்ளைகளுக்கு முதலில் எழுத்தறிவித்தவர்களுள்ளும் மிஷனரிமார் முக்கியமானவர்கள். 1854 இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோட்டங்களிலே பள்ளிகளை நிறுவியது.

இதனை நினைக்கும்போது, நெற்றியிலே நீறு பூசிய தந்தை தன் பிள்ளையை வேதாகமம் ஓதும் பள்ளிக்கு அனுப்பும்போது அஞ்சவில்லையா என்ற வினா எழும். அஞ்சியவர் உண்டு, அனுப்பாமல் நிறுத்தியவரும் உண்டு. ஆனால் வீட்டிலே விளக்கு எரிகிறது என்று நம்பியவர் அனுப்பினார். அந்நம்பிக்கை வீண்போகவில்லை என்பதற்கு எம் மண்ணிலேயே சான்று உண்டு. காரைதீவிலே 1892 இற் பிறந்த மயில்வாகனன் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புச் சென். மைக்கேல் கல்லூரியிலும் பயின்றார். அவரே இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, விபுலாநந்த அடிகள் என உலகம் போற்ற வாழ்ந்தார். பிறர் பள்ளியிற் கற்றதனால் அவர் தம் சமயத்தை இழக்கவில்லை. அதனைப் பிறருக்கு விளக்கும் ஆற்றலையே பெற்றார். எம்மையொத்த மிஷன் பாடசாலை மாணாக்கர் யாவரும் இத்தந்தையரின் துணிவுக்குக் கடமைப்பட்டவர்களே.

1927 நவம்பரிலே காந்தியடிகள் இலங்கைக்கு வந்து ஊர்கள் தோறும் பேசினார். பள்ளிச் சிறுவராயிருந்த தொண்டைமானின் உள்ளத்திலே அவ்வருகை ஆழப் பதிந்தது. தந்தை தளர்ந்தபோது தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். 1939 இலே, நேரு அவர்கள் இலங்கைக்கு வந்ததைத் தொடர்ந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாயிற்று. மகன் அதன் கம்பளைக் கிளையின் தலைவரானார். 1940 இலே தந்தை கண்மூடினார். அதே ஆண்டிலே அக்காங்கிரசின் தொழிற்சங்கம் பிறந்தது. தோட்டத்துச் சொந்தக்காரரின் மகன் தொழிலாளரின் பக்கத்திலே போய் நின்றார். தந்தையின் ஏணிக்குத் தோள் கொடுத்தவர்களின் கடனைத் தீர்க்க முற்பட்டார் என்றே நாம் இதனைக் கொள்கிறோம்.

மலாயாவிலிருந்து ஒரு சான்று

ஒருவரை மட்டும் பார்த்து ஒரு காலத்தை அளத்தல் தகாது. ஆகையால் அதே காலத்திலே கிழக்கே கப்பலேறிய இருவரையும் பார்ப்போம்.

வீராசாமி என்பவர் 1896 இலே மலாயா சென்றார். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலே இறப்பர்த் தோட்டம் வளர்த்தார். 1919 இலே பிறந்த மகனுக்குத் திருஞானசம்பந்தன் என்று நாயனார் பெயரை இட்டார். அம்மகனே பிற்காலத்திலே துன் சம்பந்தன் எனப் புகழ்பெற்றவர். அவரும் கோலகங்சாரிலே ஆங்கிலப் பள்ளியிற் கற்று, பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1955 இலே மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரும் அமைச்சருமானார். சுங்கை சிப்புட்டிலே மகாத்மா காந்தியின் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியை எழுப்பினார். வெள்ளைக்காரர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர் தெருவில் நின்றபோது, 1960 இலே தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார்.

மற்றவர் சிங்கப்பூர்க் கோவிந்தசாமிப் பிள்ளை. 1905 இலே வெறுங்கையோடு போய் இறங்கி, சிராங்கூன் சாலையிலே ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். நாளடைவில் அக்கடைக்கு உரிமையாளராகி, புடவை வணிகத்திலும் பெயர் பெற்றார். ஈட்டிய பொருளைக் கோயிலுக்கும் அறத்துக்கும் அள்ளி வழங்கினார். அச்சாலையிலே சீனிவாசப் பெருமாள் கோயிலில் 1966 இல் எழுந்த கோபுரம் அவர் கொடையே. 1980 இலே அவர் மறைந்தபோதும் சிங்கப்பூர்த் தமிழர் அவரைப் ‘பி. ஜி. பி.’ என்ற மூன்றெழுத்தாலே நினைவுகூர்ந்தனர்.

மூன்று நாடுகள், மூன்று தொழில்கள். தேயிலை, இறப்பர், பலசரக்கு. ஆயினும் வாழ்வின் அமைப்பு ஒன்றே. முதலில் உழைப்பு, உழைப்போடு தெய்வம், அடுத்துப் பிள்ளைக்கும் பிறருக்கும் ஆன நன்மை. ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்ற முதுமொழியை இவர்கள் பாதியோடு நிறுத்தவில்லை. தேடிய திரவியத்தை எங்கே வைப்பது என்பதையும் காட்டிச் சென்றனர்.

தந்தை உழைத்தார், சட்டம் மறந்தது

இனி வருவது கசப்பான பகுதி. ஆயினும் இதனைச் சொல்லாவிடில் இக்கட்டுரை முழுமை பெறாது.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவிலிருந்து தொண்டைமான் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டிலே நாடு சுதந்திரம் பெற்றது. அதே 1948 இலே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949 இலே வாக்குரிமையும் போயிற்று. 1952 இலே அவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தும் பயன் கிட்டவில்லை.

1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். நாடற்றோர் 975,000 பேர் எனக் கணக்கிட்டனர். 525,000 பேரை இந்தியா ஏற்பது. 300,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பது. 1974 இலே அந்த எஞ்சியோரும் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். மனிதரைக் கணக்கிலே பிரித்தபோது, ஒரே லயத்திலே அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாயினர். மலையிலே பிறந்து மலையிலே முதிர்ந்த தந்தையர், தாம் பார்த்தறியாத ‘தாயகத்துக்கு’க் கப்பலேறினர். நீலகிரியிலே மீண்டும் தேயிலைக் காட்டிலேயே அவர்களிற் பலருக்கு வேலை கிடைத்தது. இங்கே ‘இந்தியாக்காரர்’ எனப்பட்டவர், அங்கே ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். வந்தான் வரத்தான் என்ற சொல் இரு கரையிலும் அவர்களை விட்டபாடில்லை. 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்கு அஞ்சி மலையை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் வந்து குடியேறிய குடும்பங்களும் பல.

மலாயாவின் நிலையை இதனோடு ஒப்பிடுக. அங்கும் குறைகள் இல்லாமல் இல்லை. 1969 க்குப் பின் பிரஜாவுரிமை இல்லாத பல்லாயிரம் தொழிலாளர் வேலை அனுமதி கிடையாது இந்தியா திரும்பினர். எனினும் வீராசாமியின் மகன் அமைச்சராயிருந்த அதே ஆண்டுகளிலே, கருப்பையாவின் மகனுடைய மக்கள் வாக்குச் சீட்டும் இல்லாதிருந்தனர். தந்தையர் இருவரின் உழைப்பிலும் வேற்றுமை இல்லை. உழைப்பை நாடுகள் மதித்த முறையிலேயே வேற்றுமை இருந்தது.

முயற்சி முற்றிலும் தோற்கவில்லை. தொண்டைமான் 1977 இலே மக்கள் வாக்கால் மீண்டும் பாராளுமன்றம் புகுந்து, 1978 இலே அமைச்சரானார். 1988 இலும், இறுதியாக 2003 இலும் வந்த சட்டங்கள் நாடற்ற நிலையை நீக்கின. 1999 அக்டோபர் 30 இலே மறைந்த தொண்டைமான் அந்த 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காணவில்லை. கடல் கடந்து வந்த தந்தையின் வழித்தோன்றல் இந்நாட்டின் பிரஜை என்று ஐயமறச் சொல்லச் சட்டத்துக்கு ஏறக்குறைய 180 ஆண்டுகள் சென்றன. அத்தந்தை நட்ட கல்லோ அந்த உண்மையை முதல் நாளிலேயே சொல்லியிருந்தது. போய்விட எண்ணுபவன் கோயில் கட்டுவதில்லை.

நாம் செய்யத்தக்கது

2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலே மலையக வருகையின் 200 ஆண்டு நிறைவை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நினைவு நடை நடந்தது. முன்னோர் நடந்த பாதையிலே பேரப்பிள்ளைகள் நடந்தனர். சமயமும் இனமும் வேறான பலரும் அவர்களோடு கூடினர். பெயரில்லாப் புதைகுழிகளுக்கு இதனிலும் உயர்ந்த அஞ்சலி வேறுண்டோ?

அவ்வளவு தூரம் நடக்க எல்லோராலும் இயலாது. எனினும் நம் கைக்கெட்டிய ஒரு தொண்டு உண்டு. நம் ஊர்களிலே வயது முதிர்ந்த தந்தையர் பலர் திண்ணையிலே இருக்கின்றனர். மலையிலிருந்து வந்தவர் சிலர். யாழ்ப்பாணத்திலிருந்து கடை வைக்க வந்தவர் சிலர். பெண் கட்டி வந்தவர் பலர். அவர்களிடம் சென்று, எந்த ஊரிற் பிறந்தீர்கள், எந்த ஆண்டு வந்தீர்கள், முதன்முதல் என்ன வேலை செய்தீர்கள், எந்தத் தெய்வத்தை நேர்ந்துகொண்டீர்கள் என்று கேட்போம். கேட்டதை ஒரு கொப்பியிலே எழுதி வைப்போம். சங்கத்திலே அதற்கென ஓர் அலுமாரியின் ஒரு தட்டு போதும். மருதமுனைத் தோழரும் தம் தறிக்காரத் தந்தையரின் கதைகளை இவ்வாறு எழுதுவாராயின், இரு கொப்பிகளையும் பக்கத்திற் பக்கம் வைத்து வாசிக்கும் நாளிலே இக்கரையின் மெய்யான வரலாறு புலப்படும்.

மூத்தோர்க்கும் ஒரு விண்ணப்பம். பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் மனம் வருந்தும் என்று எண்ணி மௌனமாய் இருந்துவிடாதீர்கள். சொல்லுங்கள். நீங்கள் நடந்த தூரம் தெரிந்தாலன்றோ நாங்கள் நிற்கும் இடத்தின் அருமை எமக்கு விளங்கும்!

‘தந்தை மகற்காற்றும் நன்றி’ இன்னதென்று வள்ளுவர் பகர்ந்தார். மகன் தந்தைக்கு ஆற்றும் உதவியையும் அதே அதிகாரத்திலே வைத்தார். முதலாவது கடனை நம் தந்தையர் தீர்த்துவிட்டனர். கல்லை நட்டுக் கோயிலாக்கியும், கூலியை மிச்சப்படுத்திப் பள்ளிக்கு அனுப்பியும் தீர்த்துவிட்டனர். இரண்டாவது கடன் நம்முடையது. நம் ஊருக்குப் புதிதாக வந்து குடியேறும் எவரையும் இளக்காரமாகப் பார்க்காது, அவர் நட்ட கல்லையும் அவர் வளர்க்கும் பிள்ளையையும் மதிப்பதே அக்கடனின் முதற் தவணையாகும். அத்தவணையை இவ்வாண்டிலேயே செலுத்தத் தொடங்குவோமாக.